அகப்பக்கத்துக்கும் உழவாரம் வேண்டும்



உழவாரப்பணி என்றால் என்ன என்று நம் கிளை நண்பர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவோம். கையில் உழவாரத்தோடு நிற்கும் அப்பர் பெருமானைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிரகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கியதையே தம் தொண்டாகக் கொண்டவர் அவர். இம்மாதப் பாடம் வேறொரு இடத்தில் முளைக்கும் புல்லைப் பற்றியது. நம் சிறு வியாபாரிகளின் அகப்பக்கங்கள்தான் அந்த இடம்.

நான் பொறியியல் படிக்கிறேன் என்று தெரிந்ததுமே எங்கள் தாமானில் இருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான். "தம்பி, கம்ப்யூட்டர் படிக்கிறீங்கதானே, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்களேன்." நான் படிப்பது இயந்திரப் பொறியியல் என்று சொன்னாலும் யாரும் விடுவதில்லை. அப்படி விடுமுறைக் காலங்களில் நான்கைந்து கடைகளின் அகப்பக்கங்களைக் கவனித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டது இதுதான்: அகப்பக்கம் கட்டுவது ஒரு வாரயிறுதி வேலை. அதைப் பழசாகாமல் வைத்திருப்பது வருடம் முழுக்க உள்ள வேலை.

ஆகவே, எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நாளைக்கு ஒரு விலை மாறினால் அதை மாற்றப் போகும் கை யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் மென்பொருள் தானாக அமைந்துவிடும்.

1. அகப்பக்கம் மூன்று விதமாகப் பழசாகும்

முதலாவது, தகவல் பழசாவது. விலை, கடை திறக்கும் நேரம், தொலைபேசி எண் எல்லாம் இதில் அடங்கும். ஜி.எஸ்.டி. வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் நாட்டில் 2015 ஏப்ரல் 1-இல் வந்தது. 2018 ஜூன் 1 முதல் பூஜ்ய விகிதமானது. அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்.எஸ்.டி. திரும்ப வந்தது. ஆனாலும் "விலையில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கும்" என்ற வரியை இன்னும் எடுக்காத கடைப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரியைப் பார்க்கும் வாடிக்கையாளர், வரியைப் பற்றி யோசிக்க மாட்டார். "இந்தக் கடை இன்னும் இருக்கா?" என்றுதான் யோசிப்பார்.

கிள்ளானில் பலகாரமும் கேட்டரிங்கும் செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கைப்பேசி எண்ணை மாற்றினார். பெயர் அட்டையில் மாற்றினார், வேனில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மாற்றினார், அகப்பக்கத்தில் மட்டும் பழைய எண் நின்றுவிட்டது. ஒரு குடும்பத்தார் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு 300 பேருக்கு விருந்து சொல்ல அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். எடுக்க ஆளில்லை. "கடையை மூடிட்டாங்க போல" என்று வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். அக்காவுக்கு இது எப்போது தெரிந்தது என்கிறீர்களா? அதே விழாவுக்கு விருந்தாளியாகப் போய், இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான். "சாப்பாடு இறங்கலப்பா" என்று சொன்னார்.

இரண்டாவது, மென்பொருள் பழசாவது. இது கண்ணுக்குத் தெரியாது. பக்கம் வெளியில் அழகாகத்தான் இருக்கும். உள்ளே ஓடும் நிரல்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும். ஒருநாள் கடைப் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் திறக்கும். சின்னக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓட்டையைத் தேடுபவை தானியங்கி நிரல்கள். பூட்டாத கதவா என்று மட்டும்தான் அவை பார்க்கும். பெரிய வீடா, சின்ன வீடா என்று பார்க்காது.

மூன்றாவது, உரிமை காலாவதியாவது. கடையின் இணையப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. பக்கத்தைத் தாங்கும் சேவையகத்துக்கும் கட்டணம் உண்டு. பூட்டுச் சின்னத்தைத் தரும் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் குறுகிய காலத்துக்குத்தான் செல்லும். அது தானாகவே புதுப்பிக்கப்படும்படி சேவையகத்தை அமைத்திருக்க வேண்டும். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, பாதுகாப்பு இணைப்பு இல்லாத பக்கங்களைப் "பாதுகாப்பற்றது" என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு எந்த அம்மா தம் வங்கி அட்டை எண்ணைத் தட்டுவார்?

2. முதலில் பட்டியல், அப்புறம் கணினி

மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். அகப்பக்கத்தில் வரப்போகும் ஒவ்வொரு தகவலும் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்று கேட்டு எழுதுங்கள். கிள்ளான் அக்காவோடு உட்கார்ந்து எழுதியபோது பட்டியல் இப்படி வந்தது.

வாரந்தோறும் மாறுவது: எந்தத் தேதிகளில் ஆர்டர் நிறைந்துவிட்டது, அந்த வாரத்துப் பலகாரம்.

பண்டிகைக்குப் பண்டிகை மாறுவது: தீபாவளி முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை விலை; ஆர்டர் எடுக்கும் கடைசி நாள்; புரட்டாசி சைவப் பட்டியல்; விடுமுறை நாள்.

வருடத்துக்கு ஒருமுறை மாறுவது: கேட்டரிங் தொகுப்பு விலை, எஸ்.எஸ்.எம். பதிவு, இணையப் பெயர்க் கட்டணம்.

அபூர்வமாக மாறுவது: கடைப் பெயர், முகவரி, எப்படித் தொழில் தொடங்கினார்கள் என்ற கதை.

பட்டியலை முடித்ததும் அக்கா கேட்டார். "இவ்வளவையும் நானா தம்பி மாத்தணும்? அடுப்ப யாரு பார்க்குறது?" நியாயமான கேள்வி. இந்தப் பாடத்தின் மீதியெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

3. ஐந்து வழிகள்

முதல் வழி: மாறுவதைக் குறைத்துவிடுவது

பலருக்கு இதுவே போதும். அகப்பக்கம் ஒரே ஒரு பக்கம். அதில் அபூர்வமாக மாறும் தகவல்கள் மட்டும் இருக்கும். அடிக்கடி மாறுவதெல்லாம் கடைக்காரர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் இடத்தில் இருக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 2019 முதல் பொருள்பட்டியல் வசதி உள்ளது. படம் பிடித்து, விலை போட்டு, கைப்பேசியிலேயே மாற்றலாம். கூகள் வணிகப் பக்கத்தில் வழக்கமான நேரத்தோடு பண்டிகைக்கான சிறப்பு நேரத்தையும் தனியாகப் போடலாம். கூகள் வரைபடத்தில் தேடி வருபவருக்கு அந்த நேரம்தான் முதலில் தெரியும்.

இதில் ஓர் எச்சரிக்கை. இரவல் இடத்தை மட்டும் நம்பக்கூடாது. கூகள் தன் வணிகப் பக்கத்தோடு சின்ன அகப்பக்கம் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை மூடிவிட்டது. அதை மட்டும் வைத்திருந்த கடைகளுக்கு அந்த முகவரி போய்விட்டது. ஆகவே சொந்த இணையப் பெயர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பின்னால் இருக்கும் சேவை மாறினாலும் வாசல் எண் மாறாது.

இரண்டாம் வழி: ஆயத்தக் கட்டமைப்பு

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்றவை மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தாவில் இயங்குபவை. எழுத்தைத் தொட்டு மாற்றலாம், படத்தை இழுத்துப் போடலாம். மென்பொருள் பழசாவது பற்றிய கவலையை அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும். சந்தாவில் பாதி அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூகள் சைட்ஸ் இலவசம். ஆனால் அதில் கடை வைத்துப் பணம் வாங்கும் வசதி இல்லை.

குறை என்ன? வீடு வாடகை வீடு. விக்ஸில் கட்டிய பக்கத்தை அப்படியே தூக்கி வேறு சேவையகத்தில் வைக்க முடியாது. வெளியேறினால் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் எழுத்துகளையும் படங்களையும் கடைக்காரரின் கணினியில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். கடையில் ஒருவருக்காவது கைப்பேசியில் முகநூல் பதிவு போடத் தெரியும் என்றால் இந்த வழி பொருந்தும்.

மூன்றாம் வழி: வேர்ட்பிரஸ்

2003-இல் வெளிவந்த இந்த மென்பொருளை நம்மில் பலரும் பார்த்திருப்போம். எதையும் செய்யலாம், எங்கும் மாற்றிக்கொள்ளலாம், மென்பொருளுக்குக் காசு இல்லை. சொந்த வீடு மாதிரி. ஆனால் சொந்த வீட்டில் கூரை ஒழுகினால் நாம்தானே ஏற வேண்டும்?

வேர்ட்பிரஸில் புதுப்பிக்க வேண்டியவை நான்கு: வேர்ட்பிரஸ், அதன் மேல் போடும் தோற்றம், செருகுநிரல்கள், சேவையகத்தில் ஓடும் பி.எச்.பி. மொழியின் பதிப்பு. 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு திருத்தங்கள் தானாகவே இறங்கிவிடுகின்றன. 2020-இல் வந்த 5.5 பதிப்பு முதல் செருகுநிரல்களுக்கும் தோற்றங்களுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பை ஒரு சொடுக்கில் இயக்கலாம். இயக்கி வையுங்கள். பயன்படுத்தாத செருகுநிரலை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, நீக்கிவிடுங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. பி.எச்.பி. பதிப்பும் முக்கியம்: 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதற்கு முன் கட்டிய பக்கங்களைப் பார்க்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள்.

புதுப்பிக்கும் முன் மறுபிரதி எடுக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறையை வகுப்பில் படித்திருப்பீர்கள். கடைக்கும் அதேதான். எடுத்த பிரதியை வருடத்தில் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை நம்பி உட்காரக்கூடாது.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார ஆள் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்கு இது வேண்டாம்.

நான்காம் வழி: நிலைப்பக்கமும் விரிதாளும்

பொறியியல் மாணவர்களுக்குப் பிடித்த வழி. பக்கம் சாதாரணக் கோப்பு. பின்னால் தரவுத்தளம் இல்லை, உள்நுழையும் கதவு இல்லை. ஆகவே உடைப்பதற்கும் அதிகம் இல்லை. ஹியூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளால் இதை உருவாக்கி கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். ஆனால் இலவச இடத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள்: கிட்ஹப் பேஜஸை இணையக் கடை நடத்தும் இடமாகப் பயன்படுத்தக்கூடாது. அறிமுகப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல் என்னவென்றால், முறுக்கு விலை மாறினால் அக்கா கோடிங் எழுத மாட்டார். அதற்குத்தான் விரிதாள். விலைப்பட்டியலை கூகள் ஷீட்ஸில் போட்டு, அதை இணையத்தில் வெளியிட்டு, பக்கம் அங்கிருந்து விலையை எடுக்கும்படி செய்யலாம். அக்கா கைப்பேசியில் 25-ஐ 28 என்று மாற்றுவார். சில நிமிடத்தில் அகப்பக்கத்தில் 28 வெள்ளி என்று வந்துவிடும். நான் இதைச் செய்து காட்டியபோது, "இவ்வளவுதானா? இது நான் தினம் கணக்கு எழுதுற மாதிரிதானே!" என்றார். அன்றிலிருந்து விலை ஒருநாளும் பழசானதில்லை. பழக்கமான கைக்குப் பழக்கமான கருவி.

கவனம் ஒன்று. வெளியிட்ட விரிதாளை உலகமே பார்க்கலாம். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி எல்லாம் அதே கோப்பில் இருக்கவே கூடாது. வணிகத்தில் பிறர் தகவலைக் கையாள்வதற்கு 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விலைக்கு ஒரு கோப்பு, ஆர்டருக்குத் தனிக் கோப்பு என்று பிரித்துவிடுங்கள்.

ஐந்தாம் வழி: காசு கொடுத்து ஆள் வைப்பது

கடை வளர்ந்துவிட்டது, வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்றால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குக்கு ஆள் வைக்கிறோம், இதற்கும் வைக்கலாம். ஆனால் "மெயின்டெனன்ஸ் மாசம் இவ்வளவு" என்று வாய்ப்பேச்சில் முடிக்காமல் ஐந்து கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். மாதம் எத்தனை திருத்தம் இதில் அடங்கும்? சொன்னால் எத்தனை நாளில் மாறும்? மறுபிரதி யார் எடுப்பார், எங்கே இருக்கும்? இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் எப்படி ஒப்படைப்பார்கள்? நான்காவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

4. எந்தக் கடைக்கு எது?

கணக்கு வாய்பாடு மாதிரி விடை இல்லை. ஆனாலும் என் கணிப்பைச் சொல்கிறேன், நீங்கள் வாதிடலாம்.

கோயில் வாசலில் மாலை கட்டும் பூக்கடைக்கு முதல் வழி போதும். பூ விலை தினமும் மாறும். அதை அகப்பக்கத்தில் போடுவதே வம்பு. "இன்றைய விலைக்கு அழைக்கவும்" என்று ஒரு வரியும், திருமண மாலைப் படங்களும் போதும்.

வாழை இலை உணவகத்துக்கு முதல் வழியோடு நான்காவது சேரலாம். கல்லாவில் இருப்பவரே விரிதாளில் பட்டியலை மாற்றிவிடுவார்.

டியூஷன் மையத்துக்கு இரண்டாம் வழி. வகுப்பு அட்டவணை பள்ளித் தவணைக்கு ஒருமுறை மாறும். ஆசிரியர்களில் ஒருவருக்கு நிச்சயம் இது கைவரும்.

வெளியூருக்குக் கூரியரில் பலகாரம் அனுப்பி, இணையத்திலேயே பணம் வாங்கும் கடை என்றால் மூன்றாம் வழியும் ஐந்தாம் வழியும் சேர்ந்தால்தான் நிம்மதி. பணம் புழங்கும் இடத்தில் மென்பொருளை யாராவது தொடர்ந்து கவனித்தாக வேண்டும்.

இணையத்தில் விற்கும் கடைக்குப் பக்கத்தைப் புதிதாக வைத்திருப்பது சட்டக் கடமையும்கூட. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின்னியல் வணிகத்துக்கான விதிமுறைகள் 2012-இல் வெளியாகி 2013 ஜூலையில் நடப்புக்கு வந்தன. 2024-இல் புதிய விதிமுறைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. வணிகப் பெயர், பதிவு எண், தொடர்புத் தகவல், பொருளின் விவரம், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் உத்தேச காலம் ஆகியவற்றை வாங்குபவர் பார்க்கும்படி காட்ட வேண்டும். "விலைக்கு பி.எம். பண்ணுங்க" என்ற நம் பழக்கம் இதற்கு ஒத்துவராது. இன்னொன்று, 2019 அக்டோபர் முதல் எஸ்.எஸ்.எம். பதிவு எண்கள் 12 இலக்க வடிவத்துக்கு மாறிவிட்டன. பழைய எண் மட்டும் உள்ள பக்கங்களில் புதியதையும் சேர்த்துவிடுங்கள்.

5. சாவி யாரிடம்?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இந்தப் பாடத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான்.

சிறு கடைகளின் அகப்பக்கம் பழசாவதற்குக் கடைக்காரரின் சோம்பல் காரணமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. காரணம் பெரும்பாலும் ஓர் இளைஞர். சொந்தக்காரப் பையன், பக்கத்து வீட்டுப் பெண், கோயில் வகுப்பில் படித்த தம்பி. நல்ல மனதோடு, காசு வாங்காமல், ராத்திரி கண் விழித்துக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். இணையப் பெயரைத் தங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார்கள், அப்போது அதுதான் சுலபம். பிறகு படிப்பு முடியும். வேலை ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ இழுத்துக்கொண்டு போகும். பழைய மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. கட்டண நினைவூட்டல் அங்கே வந்து குவியும்.

ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பையன் ரொம்ப நல்லவன்ப்பா, குறை சொல்லக்கூடாது. ஆனா பாஸ்வர்டு அவன்கிட்ட இருக்கு, அவன் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியல." அந்தக் கடையின் பெயர் கைவிட்டுப் போனது. டாட் காம் பெயர்களில் பதிவாளர் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் கணக்கே அவர் கையில் இல்லாதபோது 30 நாள் என்ன, 300 நாள் இருந்தும் பயனில்லை. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பெயர் அது.

நாம் செய்யும் உதவி நாம் போன பிறகும் நிற்க வேண்டும். அதற்கு இந்த ஐந்தையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஒன்று, கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து எல்லாக் கணக்கையும் அதில் பதியுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சல் எதிலும் வேண்டாம்.

இரண்டு, இணையப் பெயரின் உரிமையாளராகக் கடையே இருக்கட்டும். டாட் காம் டாட் மை பெயருக்கு உள்நாட்டு வணிகப் பதிவு வேண்டும். டாட் மை பெயர்களை நம் நாட்டில் மைநிக் அமைப்பு நிர்வகிக்கிறது. கடையின் பதிவு எண்ணில் எடுத்தால் யாருடையது என்ற சந்தேகமே வராது.

மூன்று, இரு கட்டச் சரிபார்ப்பைக் கடைக்காரரின் கைப்பேசியில் வையுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து, கடைப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

நான்கு, ஒரே ஒரு பக்கத்தில் ஒப்படைப்புத் தாள் எழுதுங்கள். எது எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், விலையை மாற்ற எந்த மூன்று படிகள். கடைக்காரருக்கு வசதியான மொழியில் எழுதுங்கள். தமிழா, மலாயா, எதுவானாலும் சரி.

ஐந்து, எழுதியதைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கடைக்காரரே ஒரு விலையை மாற்றிக் காட்டட்டும். நீங்கள் விசைப்பலகையைத் தொடக்கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளைத் திருத்துங்கள். இதுதான் உண்மையான தேர்வு, மதிப்பெண் நமக்குத்தான்.

6. பண்டிகை நாள்காட்டியில் கட்டிவிடுங்கள்

"மாதம் ஒருமுறை பாருங்கள்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. நமக்குத்தான் மறக்கவே முடியாத நாள்காட்டி ஒன்று இருக்கிறதே.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அகப்பக்கத்தையும் முழுக்கப் படியுங்கள். போன வருடத்து அறிவிப்புகளை எடுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு முன் கடை மூடும் நாளைப் போடுங்கள். ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டின்போது விலைப்பட்டியலும் பதிவு எண்ணும் சரியா என்று பாருங்கள். ஆடியில் திருமண ஆர்டர் குறைவு. கேட்டரிங் கடைகளுக்குக் கை ஓய்வாக இருக்கும். மென்பொருள் புதுப்பிப்பு, மறுபிரதிச் சோதனை, புதிய படங்கள் எல்லாம் அப்போது. புரட்டாசி பிறக்கும் முன் சைவப் பட்டியல். தீபாவளிக்கு ஆறு வாரம் முன் ஆர்டர் தேதிகள். தீபாவளி முடிந்த வாரமே அந்த அறிவிப்பை எடுத்துவிட வேண்டும். மாசி மாதத்தில் "தீபாவளி முறுக்கு ஆர்டர் திறந்துவிட்டது" என்று ஒரு பக்கம் சொன்னால், மற்ற வரிகளையும் யார் நம்புவார்?

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் மென்பொருளில் கை வைக்காதீர்கள். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது. விலையும் தேதியும் மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

7. கிளையில் செய்து பார்க்க

பயிற்சி: மூவர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள. உங்கள் வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு கடையின் அகப்பக்கத்தைக் கடைக்காரரின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் தகவலைச் சோதிக்கட்டும்: அங்குள்ள எண்ணுக்கு உண்மையிலேயே அழைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாமவர் மென்பொருளையும் பூட்டுச் சின்னத்தையும் பார்க்கட்டும். மூன்றாமவர் இணையப் பெயர் யார் பெயரில், எப்போது காலாவதி என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கண்டதை அரைப் பக்கத்தில் எழுதிக் கடைக்காரரிடமே கொடுங்கள். பிறரிடம் பேச வேண்டாம், அது அவர் கடை.

கலந்துரையாட:

1. நம் கிளையின் அகப்பக்கத்துக்கும் முகநூல் பக்கத்துக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? செயலவை மாறும்போது அது கை மாறுகிறதா?

2. இலவசமாகச் செய்து கொடுப்பதா, சிறு கட்டணம் வாங்கி வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்வதா? எது கடைக்காரருக்கு உண்மையான உதவி?

3. ஒரு கடைக்கு அகப்பக்கமே தேவையில்லை என்று தோன்றினால், அதை எப்படி மரியாதையாகச் சொல்வீர்கள்?

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். அன்று கூட்டம் நிறைய வரும், படமும் எடுப்போம். ஆனால் கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது தினமும் விடியலில் நடை திறந்து விளக்கேற்றுபவர். அகப்பக்கத் திறப்பு நாளில் நாம் எல்லோரும் இருப்போம். மறுநாள் காலையில் விளக்கேற்றப் போவது யார் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.